மேஜையும் தண்டவாளமும்

சங்கத்தின் சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, இதழின் பொறுப்பாளர் என்னருகே வந்தார். "நீங்கள் நாள்தோறும் விடியற்காலையில் சாமுண்டி மலைப் படியேறுகிறீர்களாமே! உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி நம் இதழுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார். நாள்தோறும் ஏறுவதில்லை, வாரத்தில் இரண்டு நாள்தான் என்று திருத்தினேன். எழுதித் தருவதாகவும் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் விளங்கிற்று. நான் மலையேறுவது உடலை வளர்ப்பதற்காக அன்று. எதற்காக ஏறுகிறேன் என்பதை மறைத்துவிட்டு எழுதினால் அது பாதிப் பொய்யாகும். ஆகவே, அன்பர்களே, முழுவதையும் சொல்லிவிடத் துணிந்தேன்.

நான் இரயில்வேயில் குமாஸ்தா. ஊழியர்களின் பணிப் பதிவேடுகளும், ஓய்வூதியத் தாள்களும், குடும்ப ஓய்வூதிய விண்ணப்பங்களும் என் மேஜை வழியாகச் செல்வன. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிற்பகலில், அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். நம் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். கணவர் இருப்புப் பாதையில் வேலை செய்து காலமானவர். "தம்பி, என் தாள் எங்கே போயிருக்கிறது?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டது நான்காவது முறை. மேலே அனுப்பியாயிற்று என்று முன்பு மூன்று முறையும் சொன்னது போலவே அன்றும் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அனுப்பிவிட்டதாகவே மனமார நம்பினேன். அவர் அகலாமல் நிற்கவே, ஒரு சமாதானத்துக்காக இழுப்பறையைத் திறந்தேன். பழைய நாட்காட்டி ஒன்றின் அடியில் அந்த அம்மையாரின் விண்ணப்பம், கணவரின் இறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் குத்தப்பட்டு, மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதை நான் கையூட்டுக்காக நிறுத்தி வைக்கவில்லை. அவர்மீது எனக்குப் பகையும் இல்லை. ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளே வைத்தேன், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடம் மூன்று மாதமாயிற்று. அம்மையார் கோபித்திருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். "போகட்டும் தம்பி, கிடைத்துவிட்டதே" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தந்தையார் இறந்தபோது என் தாயாரும் இப்படித்தான் ஒரு மேஜையின் முன்னால் போய் நின்றார் என்பது அன்று இரவு நினைவுக்கு வந்தது. உறக்கம் வரவில்லை.

இது ஒரு நாள் மறதியாக இருந்திருந்தால் இங்கே எழுத வேண்டியதே இல்லை. என் மேஜையின்மீது எப்போதும் பத்துக் கோப்புகள் திறந்து கிடக்கும். ஒன்றிலும் கடைசிப் பக்கம் வரை போயிருக்க மாட்டேன். ஒரு கடிதத்தைத் தொடங்கி, மூன்றாவது வரியில் எழுந்து தண்ணீர் குடிக்கச் செல்வேன். வழியில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால், கடிதம் அன்றைக்கு அத்துடன் சரி. இரண்டு முறை மெமோ வந்தது. மூன்றாவதோடு ஊதிய உயர்வு ஓராண்டு நிறுத்தப்பட்டது. வீட்டிலும் இதே கதைதான். பள்ளி வாயிலில் மகனை மாலை ஆறு மணி வரை காக்க வைத்த நாளொன்று உண்டு. "உங்களிடம் ஒன்றைச் சொல்வதும், ஓடுகிற இரயிலுக்குள் கடிதத்தை வீசுவதும் ஒன்றுதான். போய்ச் சேர்ந்தாலும் சேரும், சேராவிட்டாலும் இல்லை" என்பாள் என் மனைவி. முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள்; பின்னர்ச் சிரிப்பு நின்றுவிட்டது.

பெங்களூரில் செவிலியராகப் பணி செய்யும் என் மைத்துனன்தான் முதலில் வேறு விதமாகப் பேசியவன். "மாமா, இது சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபித்துக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்றான். எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது. மனநல மருத்துவர் என்றால் நம் வீடுகளில் என்ன பொருள் கொள்வார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அந்த அம்மையாரின் முகம் என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது, போனேன்.

மருத்துவர் முதல் நாளிலேயே தீர்ப்புக் கூறிவிடவில்லை. அடுத்த முறை வரும்போது தாயாரை அழைத்து வரச் சொன்னார். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகள் இருந்தால் அவற்றையும் கொண்டு வரச் சொன்னார். முப்பத்து மூன்று வயதுக்காரனின் நோய்க்கு ஐந்தாம் வகுப்பு அட்டை எதற்கு என்று வியந்தேன். காரணம் பிறகு விளங்கிற்று. ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் இக்கோளாறு, அதாவது கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த நிலை, வளர்ந்த பிறகு புதிதாக வந்து ஒட்டிக்கொள்வதன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அதன் அறிகுறிகள் சில தென்பட்டிருக்க வேண்டும். என் தாயாரோ, கேட்ட கேள்விக்கும் கேளாத கேள்விக்கும் சேர்த்து அரை மணி நேரம் விடை சொன்னார். "சோறு உண்ணும்போது கூட உட்கார மாட்டான் ஐயா, தட்டோடு சுற்றுவான். இவன் அப்பாவும் அப்படித்தான்" என்று முடித்தார்.

இக்கோளாறு நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் உண்டு. 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், எதிலும் மனம் நிலைகொள்ளாத நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். குழந்தைகளின் நோய், வளர்ந்தால் போய்விடும் என்றே நெடுங்காலம் கருதினார்கள். பலருக்குப் போவதில்லை. ஓடியாடும் பரபரப்பு வயதோடு குறையும். மனத்தின் ஓட்டம் மட்டும் நிற்காது. வளர்ந்தோரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டென்று உலக அளவில் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு இருநூறு பேர் வந்தால், நான்கைந்து பேர் என் கட்சிக்காரர்கள் என்று கொள்ளலாம்!

"உங்கள் வேலை எப்போதாவது தடங்கலில்லாமல் ஓடியதுண்டா?" என்று மருத்துவர் கேட்டார். உண்டு என்றேன். அந்த விடை எனக்கே அன்றுதான் வெளிப்பட்டது.

என் தந்தையார் தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்து, மைசூர்–நஞ்சன்கூடு பாதையில் கடகோளாவை ஒட்டிக் கீமேனாகப் பணி செய்தவர். கீமேன் வேலை இன்னதென்று நம் இளைஞர்கள் அறிய மாட்டார்கள். தோளில் சுத்தியலும், பையில் சிவப்புக் கொடியும் திருகு சாவியுமாக, தமக்குரிய ஐந்தாறு கிலோமீட்டர் பாதையை ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து முடித்து, மறு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். தளர்ந்த பிடியைத் தட்டி இறுக்க வேண்டும். விரிசல் கண்டால் கொடி காட்ட வேண்டும். வீட்டில் ஓரிடத்தில் இராத மனிதர். குடையை எங்கே வைத்தோம் என்று நாள்தோறும் தேடுபவர். ஆனால் பாதையில் ஒரு பிடி தளர்ந்திருந்து அவர் கண்ணுக்குத் தப்பியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அவர் பணியில் இருக்கும்போதே நோயால் காலமானார். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் முயற்சியில் தாண்டியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் அதே இருப்புப் பாதையில் வேலை கிடைத்தது. ஐந்தாண்டுகள் கல் சுமந்தேன், கம்பி நகர்த்தினேன், மழையில் இரவுக் காவல் நடந்தேன். அந்த ஐந்தாண்டுகளில் எனக்கு ஒரு மெமோவும் வந்ததில்லை. துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவான அன்று, 'நிழலுக்கு வந்துவிட்டாய்' என்று தாயார் பாயசம் வைத்தார். நிழலுக்கு வந்த மறு மாதமே என் சங்கடங்கள் தொடங்கின.

இதைக் கேட்ட மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "ஒருவருடைய கதை சான்றாகாது. ஆனாலும் இது எனக்கு வியப்பளிக்கவில்லை" என்றார். மருந்தெழுதினார், அதன் அடியில், அலுவலகத்துக்கு முன் அரை மணி நேரம், மூச்சு வாங்கும்படியான நடை அல்லது படியேற்றம், வாரத்தில் ஐந்து நாள் என்றும் எழுதினார்.

மருந்தைப் பற்றி ஒரு செய்தி. மெதில்ஃபெனிடேட் என்னும் அம்மருந்தை 1944-இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தைச் சேர்ந்த பனிசோன் என்பவர் உண்டாக்கினார். அவருடைய மனைவி ரீட்டா டென்னிஸ் ஆடும் முன் அதை உட்கொண்டு பார்த்தாராம். அதனாலேயே அதற்கு ரிட்டலின் என்ற வணிகப் பெயர் வந்தது என்பார்கள். நம் நாட்டில் அது கட்டுப்பாட்டுக்குள் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டின்றித் தர மாட்டார்கள். நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்தக் கூடியதாகையால், இரண்டையும் பார்த்த பிறகே எனக்குத் தந்தார்கள், இப்போதும் பார்க்கிறார்கள்.

மூளையில் டோபமின், நாரட்ரினலின் என்று இரு பொருள்கள் உண்டு. ஒரு செயலில் மனத்தை நிறுத்துவதிலும், அதை விடாமல் தொடர்வதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. மருந்து இவற்றின் செயலை வலுப்படுத்துகிறது. உடலை வருத்தி இயங்கும்போதும் இவை ஓரளவு கூடுகின்றன; ஆனால் அந்தப் பயன் நெடு நேரம் நிற்பதில்லை. இதில் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் குழந்தைகளிடத்தில் நடந்தவை; வளர்ந்தோரிடம் நடந்தவை சிலவே, அவையும் சிறியவை. அவற்றுள் ஒன்று என் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. 2016-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. இக்கோளாற்றின் அறிகுறிகள் மிகுந்த இளைஞர் 32 பேரை ஒரு நாள் இருபது நிமிடம் மிதிவண்டிப் பொறியில் மிதிக்க வைத்தார்கள். இன்னொரு நாள் இருபது நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். மிதித்த நாளில் சோர்வும் குழப்பமும் குறைந்தன. வேலையில் ஈடுபடும் ஊக்கம் கூடிற்று. ஆனால் கவனத்தை அளக்கும் சோதனையில் தேர்ச்சி கூடவில்லை. 2019-இல் ஜெர்மனியில் வளர்ந்த நோயாளிகளிடம் நடந்த சோதனையிலோ, அரை மணி நேரம் மிதித்த பிறகு விடையளிக்கும் விரைவு கூடியதாகக் கண்டார்கள். ஆக, முடிவுகள் ஒரே திசையில் இல்லை. பெரிய அற்புதம் என்று சொல்வோரை நம்ப வேண்டாம்.

எனக்கு நேர்ந்ததும் இதுவே. மலையேறிவிட்டு வந்த நாளில் நான் மேதையாகிவிடுவதில்லை. மேஜையைக் கண்டதும் எழுகிற வெறுப்பு மட்டும் இருப்பதில்லை. கட்டின் மேலே கிடக்கும் கோப்பைக் கையில் எடுக்கலாம் என்று தோன்றுகிறது. எடுத்த பிறகு அதை முடிப்பதற்கு மருந்தும், நான் எழுதி வைத்துக்கொள்ளும் அட்டையும் துணை செய்கின்றன. அந்த முதல் கோப்பைக் கையில் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது என் கட்சிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

இனி என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் மலையேறிய பின் எனக்குச் செருக்கு வந்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இடையில் ஒரே ஒரு முறை நின்று ஏறிவிடுகிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் இரு ஊழியர்களின் விடுமுறைக் கணக்கை ஒருவருடையது மற்றவருக்காக மாற்றி எழுதி, ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அந்த மாதச் சம்பளம் குறைந்து போயிற்று. அந்த மனிதர் என்னிடம் வந்து கத்தினார். கத்த அவருக்கு முழு உரிமை உண்டு. மருத்துவரிடம் போய்த் தலை குனிந்து நின்றேன். "ஊன்றுகோல் நன்றாக இருக்கிறதென்று யாராவது காலை வெட்டிக்கொள்வார்களா?" என்று மட்டும் கேட்டார். பயிற்சியை அவர் துணை மருத்துவம் என்றே எப்போதும் குறிப்பிட்டு வந்தார். அந்தத் 'துணை' என்ற சொல்லை அன்றுதான் காதில் வாங்கினேன். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு; அவர்களுக்கு வேறு வழிகளை மருத்துவரே சொல்வார். நாமாக நிறுத்துவது வேறு.

இன்னொரு வேடிக்கை. ஒழுங்காக எதையும் செய்ய முடியாதவனுக்கு எழுதித் தந்த மருந்து, ஒழுங்காகச் செய்ய வேண்டிய பயிற்சி! முதல் ஆண்டில் நான்கு முறை விட்டுவிட்டேன். புதிய காலணி வாங்கினால் இரண்டு வாரம். கைபேசியில் அடிகளை எண்ணும் கருவி வைத்துக்கொண்டால் மூன்று வாரம். அதன் பிறகு சலிப்பு. என்னை மீட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற கார்டு. கன்னடக்காரர், எழுபது வயது. காலை ஐந்தரை மணிக்கு வாயிலில் நின்று, "ஹோகோணவா ஸ்வாமி?" என்று ஒரு குரல் கொடுப்பார். பணிக் காலம் முழுவதும் பச்சைக் கொடி காட்டிப் பழகியவராயிற்றே. அவர் கொடி காட்டிய பிறகு வண்டி நிற்க முடியுமா? பெரியவரைக் காக்க வைப்பதற்கு வெட்கம். அந்த வெட்கமே என்னை எழுப்புகிறது. வாரத்தில் மூன்று நாள் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி விரைந்து நடக்கிறோம். அந்த ஏரி 1864-இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் வெட்டியது. கூழைக்கடாக்கள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்தால் சலிப்பு அண்டுவதில்லை. இரண்டு நாள் மலை. பேசிக்கொண்டு போக முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே வேகத்துக்கு அளவு.

"மைசூரில் இருந்துகொண்டு யோகம் செய்யவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்திய ஊரல்லவா இது! பின்னாளில் அவர் நம் சென்னையில் வந்து வாழ்ந்தார் என்பதும் நமக்குப் பெருமை. நானும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சவாசனத்தில் படுத்தவுடன் பத்துக் கோப்புகளும் மார்பின்மீது ஏறி உட்கார்ந்துகொண்டன. அசையாதிருக்கும் பயிற்சி எனக்குக் கைவரவில்லை. நிற்காமல் செய்யும் சூரிய நமஸ்காரம் மட்டும் பிடித்துப்போயிற்று. மழை நாளில் கூடத்திலேயே அதைச் செய்கிறேன். பிறருக்கு வேறாக இருக்கலாம்.

நம் குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு: 'பாடுபடுகிறவனுக்குப் பயிற்சி எதற்கு? அதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் செய்வது.' என் தந்தையாருக்கு இது பொருந்தும். அவருக்குக் கூலியோடு பயிற்சியும் கிடைத்தது. ஆனால் அவருடைய பிள்ளைகளாகிய நாமோ கடையிலும் கணினியின் முன்னும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வளர்ந்தோர் எல்லோருக்கும் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. என் சீட்டில் இருந்ததும் ஏறத்தாழ அந்த அளவே. பெண்களைப் பற்றியும் ஒரு சொல். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பவளைப் 'பொறுப்பில்லாதவள்' என்று எளிதில் பட்டம் கட்டிவிடுகிறோம். குதித்து ஓடாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் சிறுமிகளிடம் இக்கோளாறு பெரும்பாலும் கண்ணில் படாமலே போகிறது; அவர்கள் அம்மாக்களான பிறகும் யாரும் கேட்பதில்லை. யாரிடம் கேட்பது என்று தயங்குவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். 2022-இல் இந்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி அது, தமிழிலும் பேசுவார்கள். மொழி தெரியாத ஊரில் மனத்தை எப்படித் திறப்பது என்ற கவலைக்கு அது ஒரு வழி.

அந்த அம்மையாருக்கு நிலுவையோடு ஓய்வூதியம் வந்துவிட்டது. சென்ற ஆடி வெள்ளியன்று மலைப்படியில் அவரைக் கண்டேன். அன்று பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறுவார்கள்; அவரும் குனிந்து குனிந்து இட்டுக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, "வழுக்கும் தம்பி, பார்த்துப் போ" என்றார்.

என் மகனுக்கு இப்போது எட்டு வயது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியை குறிப்பு அனுப்பியிருக்கிறார். என் தாயார் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். இந்த முறை முப்பத்து மூன்று வயது வரை காத்திருக்கப் போவதில்லை. அதற்குள் ஞாயிறுதோறும் அவனும் மலைக்கு வரத் தொடங்கிவிட்டான். சென்ற வாரம் நந்தியின் முன்னால் மூச்சு வாங்க நின்று, இதுவரை எத்தனை படி என்று நான் ஓர் எண்ணைச் சொன்னேன். அவன் வேறோர் எண்ணைச் சொன்னான். கார்டு இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். நடுவில் எங்கோ எண்ணிக்கையைத் தவறவிட்டது யார் என்று மூவரும் வாதிட்டோம். "அப்பா, கீழே போய் முதலிலிருந்து எண்ணலாம் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, விடைக்குக் காத்திராமல் அவன் இறங்க ஆரம்பித்துவிட்டான்.